நூல்கண்டின் இடது முன்கால்

1

இந்தக் கதை ஒரு துண்டுப் பிரசுரமாகப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் தெருக்கோடியில் நாய்களுக்கு முடி வெட்டும் பார்லர் ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் பெண், மூன்று மாதத்துக்கு முன்னால், ‘நாய்க்குட்டியை முடிவெட்டப் பழக்குவது எப்படி’ என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னாள். கண்ணாடிக் கதவில் ஒட்டுவதற்காம். பத்திரிகையில் பிழை திருத்துகிறவன், அவ்வப்போது கதையும் எழுதுகிறவன், ஒரு பக்கம் எழுத மாட்டேனா? உட்கார்ந்தேன். பதினாறு பக்கம் ஆகிவிட்டது. நாய்க்குட்டியின் ஒரு முடிகூட இன்னும் வெட்டப்படவில்லை.

என் கதைகளை முதலில் படிப்பவள் என் மனைவி. பென்சிலோடுதான் படிப்பாள். ஓரத்தில் அவள் எழுதுவதை இந்த முறை அழிக்காமல் விட்டிருக்கிறேன். சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள் குறிப்புகள்.

[பதினாறு இல்ல, பதினொண்ணு. மிச்சம் அஞ்சுல நீங்க டீ டம்ளர் வெச்ச வட்டம் மட்டும்தான் இருக்கு.]

2

தொடக்கம் ஒன்று: மாலை வெயில் ஜன்னல் வழியே பொன்னாய் வழிந்து அந்தச் சின்னஞ்சிறு ஜீவனின்

[வேண்டாம்.]

தொடக்கம் இரண்டு: நன்றி என்று சொன்னாலே நம் நினைவுக்கு

(இதை அவள் பார்ப்பதற்கு முன் நானே நிறுத்திவிட்டேன். எனக்கும் கொஞ்சம் மானம் உண்டு.)

தொடக்கம் மூன்று: ஒரு வீட்டில் ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு நாய்க்குட்டி. குட்டிக்குச் சுருள் முடி. உதிராத வகை. உதிராததால் வளர்ந்துகொண்டே போகும். சீவாமல் விட்டால் சிக்குப் பிடித்துக் கம்பளமாகிவிடும். வந்த அன்று கையிலிருந்து நழுவி, உருண்டு, சோபாவுக்கடியில் போய் நின்றது. “தையல் பெட்டியிலிருந்து விழுந்த நூல்கண்டு மாதிரியே போகுது பாருங்க” என்றாள் மனைவி. பெயர் அப்படியே நின்றுவிட்டது.

[மூணாவது தேவலாம். அந்தக் ‘கணவன்’ யாரு, நம்ம வீட்டு ஆளா?]

இல்லை. முழுக்கக் கற்பனை. என்னைவிட அவனுக்கு முடி அதிகம்.

3

துண்டுப் பிரசுரத்துக்காகக் குறித்துவைத்தது இது. பார்லர் பெண் பேசியபடியே தருகிறேன். அவள் மேலங்கி முழுக்க யாரோ ஒரு வெள்ளை நாயின் முடி ஒட்டியிருந்தது.

“சார், மொதல் வாரம் வெட்டவே கூடாது. நகவெட்டியக் கொண்டுபோய் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வைங்க. மோந்து பாக்கட்டும். அவ்ளோதான்.”

“வெறுமனே வைக்கிறதா?”

“வெறுமனே. அப்புறம் முடி வெட்டற மிஷின் சத்தம். அடுத்த ரூம்ல ஓடணும், இங்க ஒரு துண்டு பிஸ்கட் குடுக்கணும். அப்புறம் சீப்பு முதுகுல படணும், ஒரு தடவை, எடுத்துடணும். கால் கேக்கணும்னா நீங்க புடிச்சு இழுக்காதீங்க. கைய விரிச்சுத் தரையில வெச்சிட்டு உக்காருங்க. அதுவா வரணும்.”

“வரலன்னா?”

“உக்காந்திருங்க. உங்களுக்கு வேற என்ன வேலை சார், கதைதானே எழுதறீங்க?”

மிஷின் பாடத்துக்கு என் சவரக் கருவியைப் பயன்படுத்தினோம். பத்தே நாளில் பலன் தெரிந்தது. நான் சவரம் செய்ய ஆரம்பித்தால் நூல்கண்டு குளியலறை வாசலில் வந்து எச்சில் ஒழுக உட்கார்ந்துவிடும். பிஸ்கட் இல்லாமல் ஒரு கன்னத்தைக்கூட முடிக்க முடியாது. தாடி வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் ஏதோ ஞானம் வந்துவிட்டதாக நினைத்தார்கள்.

[இது உண்மை. தாடி நல்லாவும் இல்ல.]

4

இந்தக் கணவன் என்ற பாத்திரம்தான் எனக்குப் பிடிபட மாட்டேன் என்கிறான். எப்படி எழுதினாலும் நல்லவனாகவே வருகிறான். எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையை எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் கணவன் குட்டியைப் பார்லருக்குக் கூட்டிப்போனான். வெட்ட அல்ல, மேஜைமேல் நின்று பழக. நின்றது, பிஸ்கட் தின்றது, திரும்பியது. மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் அவள் வந்தபோது குட்டியின் இடது முன்காலில் ரத்தம் காய்ந்திருந்தது. ஒரு நகம் அடியோடு போயிருந்தது. மேலே யாரோ அப்பிய மைதா மாவு.

“ஐயோ, என்னங்க ஆச்சு?”

“காலைல பார்லர்லயே பட்டிருக்கும்போல. நான் இப்பதான் பாத்தேன். ரத்தம் நிக்க மாவு வெச்சேன்.”

மனைவி உடனே போனை எடுத்துப் பார்லர் பெண்ணைக் கூப்பிட்டாள்.

“நான் நகமே வெட்டலையேக்கா.”

“வெட்டாமத்தான் ரத்தம் வந்துச்சா? ஒரு குட்டி வாயில்லாததுன்னா என்ன வேணா சொல்வியா?”

அந்தப் பக்கம் மிஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “சரிங்க்கா.”

பூங்காவில் காலையில் நாயோடு நடப்பவர்களிடம் மனைவி சொன்னாள். கேட்டவர்கள் பதறினார்கள். நான்கு வீட்டு நாய்கள் அந்தப் பார்லருக்குப் போவது நின்றது.

கணவன் அப்போது

(இந்த வாக்கியத்தை ஒன்பது தடவை தொடங்கினேன்.)

[இது நமக்கு நடந்ததுதானே. எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா கதைல ஒரு ஓட்டை. குட்டி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துடுச்சு, நான் ஆறு மணிக்கு வந்தேன். நடுவுல எட்டு மணிநேரம் அந்த ஆளு என்ன பண்ணிட்டிருந்தான்? அத எழுதுங்க.]

5

முப்பது வருடமாக மற்றவர்கள் விட்ட இடத்தைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். என் வீட்டிலேயே ஒருத்தி சம்பளம் இல்லாமல் அதைச் செய்கிறாள்.

எழுதுகிறேன்.

கணவன் என்று யாரும் இல்லை. நான்தான்.

நகவெட்டி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, பார்லர் பெண் வைக்கச் சொன்ன இடத்தில். நூல்கண்டு தூங்கிக்கொண்டிருந்தது. இடது முன்காலில் நான்கு நகம் வெள்ளை, ஒன்று கறுப்பு. வெள்ளையில் உள்ளே ஓடும் ரத்தம் ரோஜா நிறமாகத் தெரியும். அதைத் தொடாமல் நுனியை வெட்டலாம். கறுப்பில் எதுவும் தெரியாது. “அந்தக் கறுப்பு நகத்துக்கிட்ட மட்டும் போயிடாதீங்க சார்” என்று அவள் தனியாகச் சொல்லியிருந்தாள்.

வெள்ளை நான்கையும் வெட்டினேன். பிரமாதமாக வந்தது. குட்டி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போனது. அங்கேயே எழுந்திருக்கலாம். ஆனால் நான்கு நகம் ஒரே மட்டத்தில் நிற்க, ஐந்தாவது மட்டும் வரிசையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. அச்சுக்குப் போகும் பக்கத்தில் ஒரு எழுத்து வரியை விட்டு வெளியே வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. தொழில் வியாதி. சரிசெய்தேன்.

அது கத்திய கத்தலை இங்கே எழுதப் போவதில்லை. எழுதத் தெரியாததால் அல்ல.*

*தெரியாததாலும்தான்.

பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாய். வாய் தானாகப் பேசிவிட்டது. அரை நிமிடத்தில் திருத்தியிருக்கலாம். நீ போனை எடுத்துவிட்டாய். பிறகு ஒரு நாள், ஒரு வாரம், நான்கு நாய்கள் என்று அது வளர்ந்துகொண்டே போனது, இதுவும் உதிராத வகைதான்போல.

அன்றிலிருந்து நூல்கண்டு என்னைக் கண்டால் இடது காலை வயிற்றுக்கடியில் மடித்துக்கொள்கிறது. அதற்கும் நீயே சமாதானம் சொன்னாய்: “அந்தக் கடைக்கு நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க, அதான் உங்க மேல கோபம்.” நானும் தலையாட்டினேன்.

6

மிச்சத்தில் பாதி உனக்குத் தெரியும். சீப்பை எடுத்தால் குட்டி ஓடியது, முடி வளர்ந்தது, சிக்காகி வலது கண்ணுக்குள் குத்த ஆரம்பித்தது. கால்நடை மருத்துவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “புண்ணாக ஆரம்பிச்சிருக்கு. முழிச்சிருக்கும்போது வெட்ட விட்டா நல்லது. இல்லன்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் மயக்க ஊசி போட்டு மழிச்சிடலாம். இவ்ளோ சின்னக் குட்டிக்கு ஊசி எனக்கே இஷ்டமில்ல.” நீ வீட்டுக்கு வந்து, “அந்தப் பார்லருக்கு வேணா நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்” என்றாய்.

தெரியாத பாதி இது.

போனேன். பார்லர் பெண் கதவைத் திறந்துவிட்டாள். குட்டியை மேஜைமேல் ஏற்றவில்லை. தரையில் உட்கார்ந்து கையை விரித்து வைத்தாள். நூல்கண்டு அவளை மோந்தது, என்னைப் பார்த்தது, பிறகு இடது முன்காலைத் தூக்கி அவள் உள்ளங்கையில் வைத்தது.

“நகம் நல்லா வளந்துடுச்சு” என்றாள் அவள். “சார், அன்னிக்கே தெரியும் எனக்கு. தடவின கையையும் வெட்டின கையையும் எந்த நாயும் மறக்காது.”

“அப்ப ஏன் அவகிட்ட சொல்லல?”

“நான் வெட்டலன்னு சொன்னேன். நீங்க வெட்டினீங்கன்னு நான் எப்படி சார் சொல்றது? அது நீங்க சொல்ல வேண்டியது.”

பேசிக்கொண்டே சீப்பின் பின்பக்கத்தை அதன் முதுகில் ஒரு தடவை வைத்து எடுத்தாள்.

“மன்னிச்சிடும்மா.”

“எங்கிட்ட சொல்லி என்ன ஆகும்? அந்த நாலும் குட்டியிலேர்ந்து நான் பழக்கின நாய். இப்ப எவனாவது வாயைக் கட்டி வெட்டிட்டிருப்பான்.” சீப்பை மேலங்கிப் பையில் செருகினாள். “வெள்ளிக்கிழமை காலைல வெட்டிப் பாக்கறேன். கண்ணுக்கிட்ட கத்தரி வெக்கணும்னா அது நம்பற ஆள் மடில இருக்கணும். உங்க மடில நிக்காது. அக்கா வரணும்.”

“அவ வர மாட்டா.”

“அவங்க வர மாட்டேங்கிற காரணமே தப்புதானே சார்?”

இன்று வியாழக்கிழமை.

7

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் மனைவி படித்துவிட்டுச் சிரித்து, “இதுக்கா இவ்ளோ?” என்கிறாள். இதை எழுதும்போதே கை கூசியது. அவளை அவ்வளவு சுலபமானவளாக ஆக்க எனக்கு உரிமை இல்லை.

இரண்டாவது முடிவில் நான் பூங்காவுக்குப் போய் நான்கு வீட்டாரிடமும் உண்மையைச் சொல்கிறேன். இது முடிவல்ல, நாளைக் காலை ஆறரை மணி வேலை. எப்படியும் செய்யத்தான் போகிறேன்.

மூன்றாவது முடிவில் மயக்க ஊசி இருக்கிறது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

இப்போதுதான் ஒன்று உறைக்கிறது. இந்தக் கதையின் முதல் பகுதியில், பார்லர் பெண் சொன்ன முறையிலேயே, கருவியைத் தரையில் வைத்தேன். பிறகு அடுத்த அறையில் சத்தம் ஓடவிட்டேன், நடுநடுவே சிரிக்க ஏதாவது கொடுத்தேன். நாலாவதில் சீப்பைப் பட்டும் படாமல் வைத்து எடுத்தேன். நான் துண்டுப் பிரசுரத்தைத்தான் எழுதியிருக்கிறேன், நாய்க்குட்டிக்கு இல்லை, மனைவிக்கு. இதைத் தந்திரம் என்றும் சொல்லலாம். பார்லர் பெண் இதைப் பழக்குவது என்பாள். மனைவி என்ன சொல்வாள் என்று தெரியவில்லை.

ஐந்தும் ஆறும் கூடத்தில் அவள் கையில் இருக்கின்றன. நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து இந்த ஏழாவதை எழுதுகிறேன். தாள் புரளும் சத்தம் கொஞ்ச நேரமாக இல்லை. பென்சில் உரசும் சத்தமும் இல்லை. நூல்கண்டு கதவோரம் படுத்து, வலது கண்ணில் நீர் ஒழுக, என்னையும் கூடத்தையும் மாறி மாறிப் பார்க்கிறது. இடது கால் வயிற்றுக்கடியில்.

இதற்குமேல் எழுத வேண்டுமென்றால் பேனாவைக் கீழே வைக்க முடியாது. வைக்க வேண்டியிருக்கிறது. வலது கையை விரித்துத் தரையில் வைக்கப் போகிறேன்.

மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். யார் முதலில் வருகிறார்கள், வருகிறார்களா என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். ஒரே ஒரு நிபந்தனை: என் கையை நகர்த்தாதீர்கள்.

[                    ]