பின்கட்டிலில் அண்ணன்

நாங்கள் சுற்றுலா வந்த கேரவனின் கூரை ஏணியிலிருந்து இறங்கும்போது, இன்னும் ஒரு படி இருப்பது தெரியாமல், தரை வந்துவிட்டது என்று காலை வைத்துவிட்டார் அண்ணன். கணுக்கால் முறிந்தது. முழங்கால்வரை மாவுக்கட்டு, காலைத் தொங்கவிடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை அவரைப் பின்கட்டிலில் கிடத்தி, வண்டியை வீட்டுக்குத் திருப்பினோம். ஓட்டுவதற்கு அண்ணியும் நானும்தான். இருவருமே சின்ன கார் ஓட்டிப் பழகியவர்கள்.

மலை இறங்கும்வரை அண்ணி ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் அலமாரிக்குள் தட்டுகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. கூடவே அண்ணன் குரல்.

"கியரைக் குறை! பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு இருந்தா சூடாயிடும்!"

"குறைச்சாச்சுங்க."

"ஹாரன் அடிச்சியா?"

"கால்தானே உடைஞ்சிருக்கு? காது நல்லாத்தானே இருக்கு?" என்றார் அண்ணி.

அடிவாரத்தில் மரங்கள் முடிந்து புல்வெளி வந்தது. அங்கே நான் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டேன். அண்ணியால் விரல்களை விரிக்கவே முடியவில்லை.

பின்னால் இருந்த ஒரே ஜன்னலும் அண்ணன் தலைக்கு மேலே. வானம் தவிர அவருக்கு எதுவும் தெரியாது.

"இப்ப என்ன தெரியுது?"

"புல்லு, அண்ணா."

"எப்படிப்பட்ட புல்லு?"

"பச்சைப் புல்லு."

"போயும் போயும் உன்கிட்ட கேட்டேன் பாரு."

புல் மெலிந்து மஞ்சளாகி, மதியத்துக்குள் வெறும் மண்தான் மிஞ்சியது. பிறகு செம்பாறைகள். காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்தது. எதிரே லாரி வரும்போதெல்லாம் எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. அண்ணன் கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தார். எங்களுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

பெட்ரோல் போட நிறுத்தியபோது அண்ணி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அழறார்டி," என்றார், நம்ப முடியாதவர்போல.

"வலியா?"

"இந்தப் பாறைங்களைத் திரும்பி வர்றப்ப சாவகாசமா பாக்கலாம்னு வெச்சிருந்தாராம்."

முன்சீட்டில் உட்காரவைக்கலாம் என்று இருவரும் சேர்ந்து தூக்கினோம். மாவுக்கட்டு கதவில் இடித்தது. ஒருவழியாக டேஷ்போர்டில் தலையணை வைத்து, காலை அதன்மேல் நீட்டினோம். அண்ணி ஓட்ட, நான் நடுவில் குனிந்து நின்று காலைப் பிடித்துக்கொண்டேன். இருபுறமும் பாறைகள் எழுந்தன. அண்ணன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ரொம்ப தூரம் போகவில்லை. கால்விரல்கள் வீங்கி நீலம் பாரிக்கத் தொடங்கின.

"இன்னும் கொஞ்ச தூரம்," என்றார் அண்ணன்.

அண்ணி வண்டியை ஓரங்கட்டினார். மறுபடி தூக்கு, மறுபடி கிடத்து. எனக்கே அழுகை வந்துவிட்டது.

"பாத்துட்டேன்ல, போதும்," என்று அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். போதவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

சாயங்காலம் பழத்தோட்டங்கள் வந்தன. வீட்டுக்கு இன்னும் ஒருமணி நேர ஓட்டம். அண்ணிக்குக் கண் செருகியது. தூங்காமலிருக்க நான் பேச்சுக் கொடுத்தேன். என்ன பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"இனிமே என்னால ஆகாது," என்று சொல்லி, ஒரு தோட்டத்து வேலியோரம் நிறுத்தி என்ஜினை அணைத்தார் அண்ணி.

அண்ணன் சத்தம் போடுவார் என்று காத்திருந்தோம்.

"அந்தப் பின்கதவைக் கொஞ்சம் திறந்துவிடுங்க," என்றார்.

திறந்தோம். பாறை எதுவும் தெரியவில்லை. வந்த சாலை, வரிசையாக மரங்கள், மெதுவாகப் போகும் ஒரு டிராக்டர், அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டே, நான் கொடுத்த ரொட்டியைத் தின்றார்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் ஓட்டினீங்க."

அண்ணிக்கு அது கேட்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல், வண்டிக்குள் இருந்த மேசைமேல் தலைசாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். நான் அண்ணனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே தரையில் படுத்தேன்.