எதிர்க்கரை நாற்காலி

கடலைப் பார்க்கக் கொடுத்திருந்த பைனாகுலரில் அண்ணன், தம்பியின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கப்பல் வரும் வழிக்கு அந்தப் பக்கம், துறைமுகத்தின் புது முனையத்தில் ஒரு கண்ணாடி அறை. சாய்ந்தால் கூடவே சாயும் நாற்காலி. தம்பி அதில் அரைவட்டம் சுற்றி யாரிடமோ சிரித்தான். இங்கே அண்ணனின் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து அண்டை கொடுத்திருந்தது.

இருவரும் இந்தப் பழைய கண்காணிப்புக் கோபுரத்தில் அருகருகே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்தான். எந்தக் கப்பலானாலும் பெயர் என்ன, எங்கிருந்து, என்ன ஏற்றியிருக்கிறது என்று கோபுரம் கேட்கும். பதில் சொல்லாமல் எதுவும் உள்ளே வராது. பிறகு வெளிநாட்டுக் கடனில் புது முனையம் எழும்பியது. கடனைக் கட்ட முடியாமல் போனதும் அதைக் கடன் கொடுத்தவர்களின் கம்பெனிக்கே குத்தகைக்கு விட்டார்கள். அங்கே போகும் கப்பல்களை அவர்களே விசாரித்துக்கொள்வது என்றாயிற்று. தம்பிக்கு அங்கே வேலை கிடைத்தது. அண்ணனும் விண்ணப்பித்திருந்தான். அதை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

தம்பி வீட்டில் அறைக்கு அறை ஏசி வந்துவிட்டதாக நேற்று மனைவி சொன்னாள். குத்திக் காட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவள் சும்மாதான் சொன்னாள்.

பைனாகுலரை இறக்கியபோது ஒரு கப்பல் வெளி மிதவையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டிருந்தது. சாம்பல் நிறம். சரக்குத் தூக்கும் கிரேன் ஒன்றுகூட இல்லை. மேல்தளத்தில் பெரிய பெரிய வெள்ளை உருண்டைகள். வரும் கப்பல்களைக் காட்டும் திரையில் அதன் பெயர் வரவில்லை. வயர்லெஸ்ஸில் கேட்டான். மறுபடி கேட்டான். வந்தது தம்பியின் குரல்.

"அண்ணே, அது எங்க கப்பல். கடல் ஆராய்ச்சிக்கு வருது. விட்டுடு."

"ஆராய்ச்சிக்கு வர்றவங்க பேரச் சொல்ல வெக்கப்படுவாங்களாடா?"

தம்பியின் குரல் தாழ்ந்தது. "அனுமதியில நான்தான்ணே கையெழுத்துப் போட்டிருக்கேன். நீ மேல சொன்னா என் வேலை போயிடும்."

மேசை ஓரத்தில் கடற்படைக்குப் போகும் தொலைபேசி இருந்தது. முன்பு இப்படி ஆராய்ச்சி என்று சொல்லி ஓர் உளவுக் கப்பல் வந்து நின்றபோது பக்கத்து நாட்டுப் போர்க்கப்பல்கள் எல்லையோரம் வந்து காத்துக் கிடந்தன. மீன்பிடிப் படகுகள் வாரக்கணக்கில் கடலுக்குப் போகவில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும், அதில் அவனுக்குச் சந்தேகமில்லை. ஆனால் கை ஏன் இத்தனை ஆசையோடு போகிறது? தம்பி இன்னும் இந்தக் குட்டைக்கால் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், இதே வேகத்தில் போயிருக்குமா?

எடுத்துவிட்டான். கப்பலைப் பற்றிச் சொன்னான்.

"உள்ள வர்ற வரைக்கும் நீங்க பாக்கலையா?" என்றது மறுமுனை. அவன் கையிலிருந்த பைனாகுலரைப் பார்த்தான். "சரி, அனுமதி குடுத்தது யாரு?"

சாம்பல் சுவர் ஒன்று ஜன்னல் முழுக்க நகர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் கண்ணாடி அறை மறைந்துவிட்டது. சொல்ல வேண்டியது தம்பியின் பெயர். வீட்டில் அந்தப் பெயரை வைக்கச் சொன்னவனே அவன்தான்.

"லைன்ல இருக்கீங்களா?"

கப்பலின் வால்பகுதி மெல்ல விலகியதும் அண்ணன் பைனாகுலரை மறுபடி கண்ணில் வைத்தான். எதிரே நாற்காலி காலியாக, இன்னும் இலேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தம்பி கண்ணாடியை ஒட்டி நின்றிருந்தான். அவன் கண்களிலும் ஒரு பைனாகுலர். அது கப்பலைப் பார்க்கவில்லை.