நான்காவது கேமரா

அடுப்படியில், குசினிச் சுவரில் கடப்பாறையை எங்கே இறக்குவது என்று இரண்டு பேர் சாணால் அளந்துகொண்டிருந்தபோது, அன்பரசி துணி அலமாரிக்குள் பாதி உடம்பை நுழைத்து, அப்பாவின் நேற்றைய காலைப்பொழுதை மறுபடியும் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அலமாரியின் கீழ்த்தட்டில், போர்வைகளுக்குப் பக்கத்தில் சின்னத் திரையோடு இருந்த கறுப்புப் பெட்டிக்குக் கம்பெனியில் சர்வர் என்று பெயர். பத்து நாளைக்கு முன்பு அவளே கொண்டுவந்து வைத்தது. நான்கு கேமராக்களின் வயர்களும் சுவரோரமாக ஓடிவந்து அதற்குள்தான் நுழைந்தன. ஈப்போவில் ஏழு வருடமாக அவளுக்கு இதே பிழைப்பு. ஓட்டல், பள்ளிக்கூடம், நகைக்கடை என்று ஊரான் வீட்டுக்கெல்லாம் காவல் போடுகிறாய், அப்பாவுக்குப் போடக்கூடாதா என்று அண்ணன் புவனேஸ்வரன் கேட்டதில் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அண்ணனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அண்ணி புனிதாவுக்குக் கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடை. பகல் முழுக்க முருகையா அந்த எஸ்டேட் லயத்து வீட்டில் தனியாகத்தான் இருந்தார்.

"எனக்கே கங்காணி வெக்கிறியா?" என்று கேட்டார் முருகையா. கேட்டாரே ஒழிய, மகள் ஏணியில் நின்ற மூன்று மணி நேரமும் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான். எந்த வயர் எங்கே போகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு விளக்கம் வேறு சொன்னார்.

இப்போது அவர் முன்கூடத்தில், சவப்பெட்டிக்குள் இருந்தார். மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒரு வெள்ளிக்காசு. இத்தனை பேர் வந்திருக்கும்போது படுத்துக்கிடக்கிறோமே என்று கூச்சப்படுகிறவர் மாதிரி முகம் லேசாக ஒருபக்கம் திரும்பியிருந்தது.

"இன்னொரு தடவ பாத்தியா, அன்பு?" புவனேஸ்வரன் அவள் பின்னால் வந்து குந்தினான். இரவு முழுக்கத் தூங்காததில் கண் சிவந்திருந்தது. "டைம்ல ஏதும் தப்பு இருக்குமா?"

"அதேதாண்ணே காட்டுது. பத்து அம்பத்தொண்ணு."

அண்ணன் எழுந்து குசினிப் பக்கம் பார்த்தான்.

டாக்டர், பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் உயிர் பிரிந்திருக்கலாம் என்று சொல்லிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவருக்கு அது போதும். சாவுச் சடங்கு செய்ய ரிங்லெட்டிலிருந்து வந்திருந்த பண்டாரத்துக்குப் போதவில்லை. நேற்று பத்து முப்பத்தேழு வரைக்கும் திருவோணம், அதற்குமேல் அவிட்டம் என்று பஞ்சாங்கத்தில் விரல் வைத்துக் காட்டினார். திருவோணத்தில் போயிருந்தால் ஒரு தோஷமும் இல்லை. அவிட்டத்தில் போயிருந்தால் ஆறு மாத அடைப்பு. உயிர் போன இடத்தை ஆறு மாதம் பூட்டி விளக்கெரிக்க வேண்டும், வீட்டில் நல்ல காரியம் எதுவும் கூடாது. அதைவிடப் பெரிய பாடு, பெட்டியை வாசல் வழியாக எடுக்கக்கூடாது, பின்கதவும் ஆகாது. சுவரைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

சுவர் இவர்களுடையதாக இருந்தால் பரவாயில்லை. வீடு எஸ்டேட்டுடையது. அனுமதி தர வேண்டிய மேனேஜர் துரையோ கோலாலம்பூரில்.

"தொர கேஎல் போயிருக்காரு," என்றான் புவனேஸ்வரன், நாலாவது முறையாக. "கேக்காம செவுத்த ஒடச்சா நாளைக்கு என்னைக் கூப்பிட்டு வீட்டக் காலி பண்ணுன்னு சொன்னா, நான் எங்க போவேன் சித்தப்பா?"

"தொர வந்து ஒனக்குக் கொள்ளி வெப்பாரா?" சித்தப்பா மகேஸ்வரன் குசினியிலிருந்தே பதில் சொன்னார். "எங்க அண்ணன வாசப்படி வழியா தூக்கி, அப்பறம் இந்த வீட்டுல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீ சும்மா இரு லா."

எல்லோரும் அன்பரசியைத்தான் நம்பியிருந்தார்கள். டாக்டருக்குத் தெரியாததும் பண்டாரத்துக்குத் தெரியாததும் அவளுடைய பெட்டிக்குத் தெரியும். பஞ்சாங்கத்தைக் கேமரா பார்த்துக் கணிக்கிற காலம் வந்துவிட்டது என்று துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர் வெளியே மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் மறுபடி நான்காவது கேமராவைத் திறந்தாள். பின்பக்கத்துக் கழிப்பறைச் சுவரிலிருந்து குசினிக் கதவைப் பார்க்கிற கேமரா அது. பத்து முப்பத்திரண்டு. அப்பா வாளியோடு தோட்டத்திலிருந்து வருகிறார். வாளியைக் கீழே வைக்கிறார். நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறார். உள்ளே ஓரடி வைக்கிறார், சாய்கிறார். அதன்பிறகு அவரைக் காணவில்லை. நிலைப்படிக்கு வெளியே நீலச் செருப்பு மாட்டிய இடது கால் மட்டும் கிடக்கிறது. அந்தக் கால் அசைகிறது. நிற்கிறது. மறுபடி அசைகிறது. பத்து ஐம்பத்தொன்றுக்குக் கட்டைவிரல் கடைசியாக ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. அப்புறம் பனிமூட்டம் வந்து, விலகுகிறது. கால் அப்படியே இருக்கிறது.

இது ஆறாவது தடவை. இப்போது அவளை வேறொன்று குடைந்தது.

நேற்று அப்பா அவளைக் கூப்பிட்டிருந்தார். பத்தேகாலுக்கு. பிரிஞ்சாங்கில் ஒரு ஓட்டல் தாழ்வாரத்தில், ஏணியின் மேல்படியில், பல்லில் வயரைக் கடித்தபடி அவள் நின்றிருந்தாள். கீழே கருவிப்பையின் மேல் கிடந்த போன் அதிர்ந்தது. திரையில் 'அப்பா' என்று வந்ததை அவள் பார்த்தாள். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்பார், இல்லையென்றால் முட்டைக்கோசை எலி கடித்துவிட்டது என்பார். பத்து நிமிடத்தில் அழைப்பே மறந்துபோயிற்று. மத்தியானம் அண்ணனின் போன் வந்தபிறகுதான் ஞாபகம் வந்தது.

"கீழ விழறதுக்குப் பதினேழு நிமிஷம் முன்னாடி லா," என்று காலையில் புவனேஸ்வரன் அப்பாவின் போனைக் காட்டி, அவள் தலையைத் தடவினான். "அப்ப நல்லாத்தான் இருந்திருக்காரு. சும்மா ஒன் கொரல கேக்கணும்னு தோணியிருக்கு. அழுவாத."

அந்தப் பதினேழு நிமிடத்தைத்தான் அவள் காலையிலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் பத்தேகாலுக்கு அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்க்கலாமே என்று மூன்றாவது கேமராவைத் திறந்தால், அவர் முட்டைக்கோஸ் பாத்தியில் குந்திக்கொண்டு களை பிடுங்குகிறார். இரண்டு கையும் மண்ணில். போன் காதில் இல்லை, கையில் இல்லை. பத்து பதினாலு, பதினைந்து, பதினாறு. களைதான். ஒருமுறை எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு தேயிலை மேட்டைப் பார்க்கிறார். மறுபடி உட்கார்கிறார்.

பிறகு யார் கூப்பிட்டது? சட்டைப்பையில் தானாக அமுங்கியிருக்கும் என்று வைத்துக்கொண்டாள். அப்பாவின் போன் பழைய பொத்தான் போன், பூட்டு உண்டு, தானாக அமுங்காது. வேறு யாராவது எடுத்துக் கூப்பிட்டார்களா? முன்வாசல் கேமராவில் கோழியைத் தவிர யாரும் வரவில்லை. தூக்கமில்லாத மண்டையில் எதுவும் எதனோடும் பொருந்தவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால், என்னவென்று கேட்பது?

கூடத்தில் எதிர்வீட்டுத் துளசி எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள். "மூணு ஆச்சே, வேன்காரன் வந்துருவான். செவுத்து வேலைய இன்னும் ஆரம்பிக்கலியா?"

"அது எங்க மாமா கடிகாரம்க்கா," என்றாள் புனிதா, தேநீர்க் குவளைகளை அடுக்கிக்கொண்டே. "இருவது நிமிஷம் முந்தி ஓடும். இப்பதான் ரெண்டே முக்கா ஆவப்போவுது."

அன்பரசி அலமாரிக்குள்ளிருந்து தலையை எடுத்தாள்.

சாமிப்படங்களுக்கு மேலே அந்தக் கடிகாரம் மூன்று மணியைக் காட்டிக்கொண்டு சாவகாசமாக ஓடியது. முப்பத்தெட்டு வருடம் விடியற்காலைப் பெரட்டுக்குப் போனவர் முருகையா. வெளிக்காட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய வேலை போச்சு. அதற்காகவே கடிகாரத்தை இருபது நிமிடம் முன்னால் தள்ளி வைத்தார். பெரட்டு நின்று பன்னிரண்டு வருடம் ஆகியும், பேட்டரி மாற்றும்போதெல்லாம் மறக்காமல் அப்படியே தள்ளி வைத்தார். பள்ளிக்கூடம் போன காலத்தில் அன்பரசிக்கு அது மனப்பாடம். நேரம் பார்ப்பாள், இருபதைக் கழிப்பாள், இன்னும் கொஞ்சம் தூங்குவாள். ஈப்போவுக்குப் போனபிறகு கழிப்பதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று.

பத்து நாளைக்கு முன்பு வீட்டுக்கு இன்டர்நெட் லைன் இல்லை, இன்னும் வரவும் இல்லை. லைன் இருந்தால் சர்வர் தானே நேரத்தை வாங்கிக்கொள்ளும். இல்லாததால் கையால் போட வேண்டியிருந்தது. போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. எழுந்துபோகச் சோம்பல்.

"ப்பா, மணி என்னா?"

அவர் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார். "நாலு அஞ்சு."

நாலு ஐந்து என்று போட்டாள். அவ்வளவுதான். வேறு எந்த வீட்டிலும் அவள் இப்படிச் செய்ததில்லை. வேலை முடிந்ததும் போனோடு ஒப்பிட்டுப் பார்த்து, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குவாள். இங்கே யாரிடம் கையெழுத்து வாங்குவது? அப்பா தேநீர் போட்டுவிட்டார், குடிக்கப் போய்விட்டாள்.

இப்போது ஒப்பிட்டாள். சர்வரில் மூன்று ஒன்று. போனில் இரண்டு நாற்பத்தொன்று.

விரல் தானாகக் கழித்தது. பத்து ஐம்பத்தொன்றில் இருபது போனால் பத்து முப்பத்தொன்று. திருவோணம். ஆறு நிமிடம் பாக்கி இருக்கும்போதே அப்பா போயிருக்கிறார். அடைப்பு இல்லை, சுவரைத் தொட வேண்டாம், அண்ணன் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். அவள் எழுந்தும்விட்டாள்.

அப்புறம் விரல் மறுபடி கழித்தது. பத்து முப்பத்திரண்டில் இருபது போனால் பத்து பன்னிரண்டு.

அவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

பத்து பன்னிரண்டுக்கு விழுந்திருக்கிறார். பத்தேகாலுக்குக் கூப்பிட்டிருக்கிறார். களை பிடுங்கும்போது இல்லை. குசினித் தரையில் கிடந்து, மண் கையால், அந்தச் சின்னப் பொத்தான்களைத் தேடி அமுக்கியிருக்கிறார். தொழிற்சாலைச் சத்தத்தில் அண்ணனுக்குப் போன் கேட்காது என்று அவருக்குத் தெரியும். மகளுக்குக் கேட்கும். அதற்குப் பின்னும் அந்தக் கால் பதினாறு நிமிடம் அசைந்திருக்கிறது. அவள் பல்லில் வயரைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

குசினியில் கடப்பாறை முதல் தடவையாகச் சுவரில் இறங்கியது. காரை உதிரும் சத்தம் கேட்டது. புனிதா குவளைகளை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். அன்பரசி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சொல்லாவிட்டால் ஒரு சுவர் போகும், ஆறு மாதம் விளக்கெரியும், துரை திட்டுவார். சொல்லாவிட்டால் அந்தப் பதினேழு நிமிடம் அவளிடமே இருக்கும். அப்பா சும்மா அவள் குரலைக் கேட்கத்தான் கூப்பிட்டார் என்று அண்ணன் சாகும்வரை நம்புவான். அவளும் அப்படியே நம்பிப் பழகலாம். கழிக்கத்தான் ஏற்கெனவே மறந்தவள் ஆயிற்றே.

இரண்டாவது அடி விழுந்தது. புவனேஸ்வரன் வாசலில் யாருக்கோ போன் போட்டு, "சார், மன்னிச்சிருங்க சார், வேற வழியில்ல சார்," என்று குனிந்து பேசிக்கொண்டிருப்பது கேட்டது. எதிர்முனையில் யாரும் இல்லாததுபோல அவன் திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

"சித்தப்பா," என்றாள் அன்பரசி. எழுந்து குசினி வரைக்கும் போனாள். "நிறுத்தச் சொல்லுங்க. என் பொட்டியில மணி தப்பு. அப்பா கடிகாரத்தப் பாத்து வெச்சிட்டேன். இருவது நிமிஷம் கொறைக்கணும்."

மகேஸ்வரன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா தெரியுமா? அண்ணனுக்காகச் சொல்றியா?"

அவள் அவரை அலமாரிக்கு அழைத்துவந்து, போனையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். பண்டாரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். வாய்க்குள் கணக்குப் போட்டார். பஞ்சாங்கத்தை மூடினார்.

"திருவோணந்தான். தோஷம் இல்ல. வாசல் வழியாவே எடுங்க."

ஒரு வீடு மொத்தமாக மூச்சுவிட்டதை அன்பரசி கேட்டாள். கடப்பாறையைச் சாய்த்து வைத்தார்கள். சுவரில் உள்ளங்கை அளவுக்குத்தான் காரை பெயர்ந்திருந்தது. புனிதா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அப்பாவுக்கு வாசலத் தொறந்து விட்டுட்டா பாரு, பொம்பளப் புள்ள," என்று துளசி கூடத்திலிருந்த எல்லோருக்கும் சொன்னாள். புவனேஸ்வரன் அவள் கையைப் பிடித்து, "நல்ல வேள லா, நல்ல வேள," என்றான். அவன் சட்டைப்பையில் அப்பாவின் போன் இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். அன்பரசியும் போட்டாள். பாதி அரிசி அப்பாவின் சட்டையில் விழுந்தது. பெட்டியை மூடினார்கள். அண்ணன் கொள்ளிச்சட்டியை ஏந்திக்கொண்டு முன்னால் நடக்க, ஆறு பேர் தூக்கினார்கள். நிலையில் இடிக்காமல், வாசல் வழியாக, அப்பா வெளியே போனார்.

லயத்திலிருந்து ரோட்டுக்கு நாற்பது படி ஏற வேண்டும். இரண்டு பக்கமும் தேயிலை. மேலே வேன் நின்றது. பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள்.

பாதிப் படி ஏறியதும் புவனேஸ்வரன் நின்றான்.

பின்னால் வந்தவர்கள் தடுமாறிப் பெட்டியைச் சமாளித்தார்கள். "என்னா நின்னுட்ட?" என்றார் மகேஸ்வரன். அவன் உதடு மட்டும் அசைந்தது, சின்ன வயதில் கடிகாரத்தில் இருபதைக் கழிக்கும்போது அசைகிற மாதிரி. பிறகு கொள்ளிச்சட்டியோடு மெதுவாக, முழு உடம்பாகத் திரும்பி, கீழே வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தான்.

திரும்பிப் பார்க்கக்கூடாது என்று யாரோ கத்தினார்கள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அன்பரசி தலையை அசைத்தாள். ஆமாம் என்று.

அவன் மறுபடி திரும்பிப் படியேறினான். பெட்டி மேலே போயிற்று. தேயிலைக்கு மேல் தலைகள் மட்டும் தெரிந்தன, பிறகு அதுவும் இல்லை.

வீடு கழுவப் புனிதா தண்ணீரும் துடைப்பமும் கொண்டுவந்தாள். "கொஞ்சம் தள்ளிக்க, அன்பு. வாசல்லேருந்து ஆரம்பிக்கணும்."

அன்பரசி உள்ளே ஒரு முறையும் வெளியே ஒரு முறையும் பார்த்தாள். எந்தப் பக்கம் தள்ளிக்கொள்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.