விட்டத்து அம்பு

ஒரு ராத்திரித் தூக்கத்தின் விலை நானூற்றெண்பது வெள்ளி. அல்லாஹ் இனாமாகக் கொடுக்கிற சரக்கு. அதை என் கடையிலிருந்து நாலு தெரு தள்ளிப் போய், முழு விலைக்கு வாங்கச் சம்மதித்தவன் நான்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் எனக்குக் கைலிக்கடை. நான் முப்பது வெள்ளி என்பேன். வந்தவர் பத்து என்பார். இருவரும் மகன் படிப்பு, மருமகள் குணம் எல்லாம் பேசி முடித்துப் பதினெட்டில் கைகுலுக்குவோம். என் மனைவி ஹமீதாவுக்கு இது பிடிக்கவில்லை. கோம்தார் பேரங்காடியில் இருப்பதுபோல் துணிக்குத் துணி விலைச்சீட்டு ஒட்டி, 'ஒரே விலை' என்று பலகை மாட்டச் சொன்னாள். அதற்குப் பதில் கடையையே சாத்திவிடலாம் என்றேன்.

"ஒரு ராத்திரி வெலையப் பத்திப் பேசாம உங்களால இருக்க முடியுமா?" என்றாள். "இருந்துட்டீங்கன்னா பலகைப் பேச்சையே எடுக்க மாட்டேன். வாயத் திறந்தீங்க, மறுநாளே மாட்டணும்."

"எங்க இருக்கணும்?"

"புதுசா தொறந்திருக்காங்களே, ஸீரோ ஹோட்டல். அங்க. காச கட்டிட்டு வெளிய வர்ற வரைக்கும் ராத்திரிதான்."

அது பழைய அரிசிக் கிடங்கு. செங்கல்லுக்குப் பூச்சு பூசாமல் விட்டுவிட்டு அதற்கு டிசைன் என்று பேர் வைத்திருந்தார்கள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்ற சிலோன் தமிழ்ப் பெண்ணின் சட்டையில் புஷ்பராணி என்று எழுதியிருந்தது.

"வாங்கோ அங்கிள், ஆன்ட்டி. ரூம் ஃபோர் எய்ட்டி. ஓகேயா?"

'லாஸ்ட் எவ்வளவு?' என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஹமீதா என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓகே லா," என்றேன். மாத்திரை விழுங்கியதுபோல் இருந்தது.

அறைக்குள் போனால் குளியலறைக்குச் சுவர் இல்லை, கண்ணாடி. கட்டிலில் படுத்திருப்பவர் உள்ளே இருப்பவரை அப்படியே பார்க்கலாம். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர்களுக்கும் ஒரு மரியாதை உண்டல்லவா? ஹமீதா என் மாற்றுக் கைலியைக் கண்ணாடியின் குறுக்கே தொங்கவிட்டாள். அறையிலேயே பிரயோசனமான பொருள் அதுதான்.

உள்ளே போனவள் குரல் கொடுத்தாள். "என்னங்க, கழுவத் தண்ணி எங்க? பைப்பு இல்ல, வாளி இல்ல, வெறும் பேப்பர் லா!"

போனில் தண்ணீர் கேட்டேன். பச்சைக் கண்ணாடிப் போத்தல் நாலு வந்தது. சீமைத் தண்ணீர். ஒன்று எவ்வளவு என்று கேட்கத் தொண்டை அரித்தது.

"சும்மாதான் குடுத்திருப்பாங்க," என்றாள் ஹமீதா. சும்மா கொடுத்தவனை நான் இந்த ஊரில் இன்னும் பார்க்கவில்லை. நாலு போத்தலும் போகவேண்டிய வழியில் போயின.

இரவுத் தொழுகை இஷாவுக்கு நேரமாயிற்று. அறைக்கு மூன்று வளைவு நடந்து வந்ததில், பிறந்த ஊரிலேயே திசை தப்பிவிட்டது. ஜன்னல் திரையோ எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை. இந்த நாட்டு ஹோட்டல்களில் மக்கா இருக்கும் பக்கத்தைக் காட்ட விட்டத்தில் ஓர் அம்பு ஒட்டியிருப்பார்கள். அண்ணாந்து பார்த்தேன். இருந்தது, தங்க நிறத்தில், முழ நீளம்.

"இதாவது ஒழுங்கா வச்சிருக்கானே," என்று அம்பு காட்டிய பக்கம் தொழுதோம்.

விளக்கை அணைக்க வழி தெரியவில்லை. சொங்கோக் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்தேன். கட்டில் வட்டம், எந்தப் பக்கம் தலை வைத்தாலும் கால் வெளியே. விழித்தே கிடந்து, விடியும் தறுவாயில் சுபுஹும் அதே பக்கம் தொழுதோம்.

தொழுகை விரிப்பை மடிக்கையில் ஹமீதாவின் கால் தரையில் எதையோ மிதித்தது. திரை தானாக விலகியது. எங்களுக்கு நேர் எதிரே, செக்கச்செவேலென்று, சூரியன்.

"என்னங்க, சூரியன் எங்க உதிக்கும்?"

"கிழக்க."

"மக்கா எங்க இருக்கு?"

 சொங்கோக்கை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

கீழே ஹமீதா அம்பைப் பற்றிக் கேட்டதும் புஷ்பராணி சிரித்தாள். "ஐயோ ஆன்ட்டி, அது டிசைன். அந்தப் பக்கம் ஹோட்டல் பார் இருக்குதானே? அதைத்தான் காட்டுது."

நான் மூச்சு விடாமல் பணப்பையைத் திறந்தேன். இன்னும் ஒரு நிமிஷம் தாக்குப்பிடித்தால் என் கடை பிழைத்தது. பில்லை ஹமீதா வாங்கிப் பார்த்தாள்.

"தண்ணி ஒரு போத்தல் ஒன்பது வெள்ளியா? அத நாங்க குடிக்கக்கூட இல்லம்மா! ரெண்டு வேள சாராயக்கடையப் பாத்துத் தொழ வச்சிட்டு ஃபுல் காசு கேக்குறியா?"

"ஃபிக்ஸட் பிரைஸ் ஆன்ட்டி..."

ஹமீதா சோபாவில் போய் அமர்ந்தாள். அந்நேரம் பார்த்துக் கெடா மாநிலத்திலிருந்து ஒரு ஹாஜியார் பெட்டியும் குடும்பமுமாக உள்ளே நுழைந்தார்.

"அவருக்கும் அம்பு ரூம்தானா?" என்று உரக்கக் கேட்டாள் ஹமீதா. "இரு, அவர்கிட்ட நானே சொல்றேன். இல்லாட்டி நீ சொல்லு. லாஸ்ட் எவ்வளவு?"

புஷ்பராணி உள்ளே ஓடினாள், மேனேஜரோடு திரும்பினாள்.

அறை நானூற்றெண்பது, தண்ணீர் முப்பத்தாறு, ஆக ஐந்நூற்றுப் பதினாறு. ஹமீதா குறைத்தது நூற்றுப் பதினாறு. கட்டியது நானூறு. பலகை, இல்லை. பாக்கி: ஓர் இஷா, ஒரு சுபுஹு, மேற்கு நோக்கி.