வேர் மட்டும்

கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த விலைப் பட்டியலை ஜெஸி மறுபடியும் மேலிருந்து படித்தாள். 'ஹேர் கலர்' என்று போட்டு எதிரே ஒரு தொகை. அதன் பக்கத்தில் எறும்பு சைஸில் 'முதல்' என்றொரு சொல். எதுவரை என்று எங்கும் இல்லை. அம்மா இருந்திருந்தால் உள்ளே போய்க் கேட்டிருப்பாள். அம்மா பசுமலை வீட்டு முன்னறையில், வாடகைக்கு வந்த ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருந்தாள். சாயங்காலம் அடக்கம்.

பூ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஜெஸி ஸ்கூட்டரை எடுத்திருந்தாள்.

ஆன்மேரி டீச்சர் மிஷன் பள்ளியில் முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். ஆனால் படித்த பிள்ளைகளைக் கேட்டால் கணக்கைச் சொல்ல மாட்டார்கள், கொண்டையைத்தான் சொல்வார்கள். எழுபத்தாறு வயதிலும் கருகருவென்று அத்தனை பெரிய கொண்டை. யாராவது கேட்டால், "எங்க வீட்டுப் பரம்பரை வாகு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவாள். சபையில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். மீதிப் பேர் நம்புவதாகக் காட்டிக்கொண்டார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு, பின்னந்தலைக்குப் பாக்கெட் டை பூசிவிடும் ஜெஸிக்கு மட்டும்தான் முழு உண்மையும் தெரியும்.

பார்லர் வாசலில் நின்று விலை விசாரிப்பது அம்மாவுக்குப் பொழுதுபோக்கு. பசுமலையிலிருந்து காளவாசல் வரைக்கும் ஒரு கடை விட்டதில்லை. "முதல்னா எதுலருந்து எதுவரைக்கும்மா? வரி உள்ளயா, வெளியயா? நீளத்துக்கு ஒரு ரேட்டுன்னா, காஞ்ச முடிய அளப்பியா, ஈர முடிய அளப்பியா?" வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை முழிக்கும். "ஏசி, சோபா, நீ குடுக்கிற லெமன் டீ, அம்புட்டும் என் தலையிலதான ஏறும்?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்குவாள். ஆனால் ஒருநாளும் உள்ளே போய்த் தலையைக் கொடுத்ததில்லை. மகளுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தாள்: "கத்திரிய எடுக்கும்முன்ன எவ ஒரு கேள்வி கேக்கிறாளோ, அவகிட்டத் தலையக் குடு."

கடைசியில் நுரையீரல் மக்கர் பண்ணி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நெற்றிக்கு மேலே இரண்டு விரற்கடை அகலத்துக்கு வெள்ளை ஏறிவிட்டது. பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே கிடந்தாள். ஒருநாள் ஜெஸியின் கையைப் பிடித்து, "இந்தக் கோலத்துல என்னையப் பெட்டியில வச்சிராத. நீ பூசாத, திட்டுத்திட்டா வரும். பார்லர்ல குடு. ஒரு தடவையாவது குடுத்துப் பாப்பமே" என்றாள். சொன்ன கையோடு, "ரேட்டப் பேசிக்க" என்றும் சொன்னாள்.

நேற்று ராத்திரி கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கிய அண்ணன் கிளமெண்ட், காலையிலிருந்து ஒரே பிடியாக நின்றான். "எதுக்கு அம்மா தலையில துணி? அவங்க அழகே அந்த முடிதான. எல்லாரும் பாக்கட்டும், எடு."

"பூ வச்சு ஜோடிச்சிட்டு எடுக்கலாம்ணே" என்று சொல்லித்தான் கிளம்பியிருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வரவேற்பில் இருந்த பெண் சிரித்தாள். "வெல்கம் மேம். உங்களுக்கா?"

"எங்க அம்மாவுக்கு."

"லெங்த் எப்டி மேம்? ஷோல்டரா, மிட் பேக்கா?"

"இடுப்பு வரைக்கும் இருக்கும்."

"அப்ப ரேட் கொஞ்சம் கூட வரும் மேம். ஸ்டைலிஸ்ட் போட்டா ஒண்ணு, சீனியர் ஸ்டைலிஸ்ட் போட்டா ஒண்ணு. அம்மாவ நேர்ல கூட்டிட்டு வந்தா டென்சிட்டி பாத்துச் சொல்லிருவோம். கன்சல்டேஷன் ஃப்ரீ."

"அவங்களால வர முடியாதும்மா."

"நடக்க முடியாதா மேம்? லிஃப்ட் இருக்கு."

"இறந்துட்டாங்க."

அந்தப் பெண்ணின் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு மெல்ல, "ஹோம் சர்வீஸ் பிரைடல் பேக்கேஜ்ல மட்டும்தான் மேம் இருக்கு" என்றாள். "அதுல மெஹந்தியும் சேந்து வரும்."

ஜெஸிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையும் கூடவே வந்துவிடும் என்று தோன்றியதால், வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்தாள்.

மெயின் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடிப்படியில் போர்டு வைத்திருந்தது அடுத்த பார்லர். ஒற்றை நாற்காலி. முத்துமீனா என்கிற பெண், வாயில் நூலைக் கடித்துக்கொண்டு ஒருத்திக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். இந்த முறை ஜெஸி முதலிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். நாற்காலியில் இருந்தவள் ஒரு புருவத்தோடு எழுந்து உட்கார்ந்தாள்.

முத்துமீனா வாயிலிருந்து நூலை எடுத்தாள். "கடைசியா எப்பக்கா டை போட்டாங்க?"

ஜெஸி அவளையே பார்த்தாள். கேள்வி!

"ரெண்டு மாசம் இருக்கும்."

"அப்ப நீளத்துக்கு எதுக்குக் காசு? கீழ கலர் இருக்கும்ல. வேர் மட்டும் போட்டா போதும். ஆனா உள்ளதச் சொல்லிடுறேன்க்கா. வேருக்கு ஐந்நூறு. வீட்டுக்கு வாரதுக்கு இருநூறு. பயத்துக்குத் தனியா ஐந்நூறு."

"பயத்துக்கா?"

"நான் எங்க அப்பா மொகத்தையே தள்ளி நின்னுதான் பாத்தேன்."

ஜெஸி பேரம் பேசி அறியாதவள். காய்கறிக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவள். இன்று அவள் வாய் தானாகப் பேசியது. "வேருக்கும் வண்டிக்கும் சரி. பயத்துக்கு முன்னக்கூட்டியே எப்டித் தாரது? வந்து பாரு. எம்புட்டுப் பயந்தியோ அம்புட்டுக்குத் தாரேன்."

முத்துமீனா யோசித்தாள். "நியாயந்தான்" என்று சொல்லிவிட்டு, மிச்சப் புருவத்தை அவசரமாக முடித்தாள்.

பூவும் முத்துமீனாவுமாக ஜெஸி வீட்டுக்குள் நுழைந்தாள். சேலை மாற்ற வேண்டும் என்று சொல்லி, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கொண்டு அம்மாவை உள்ளறைக் கட்டிலுக்கு மாற்றி, எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். முன்னறையில் சபைப் பெண்கள் பாட ஆரம்பித்தார்கள்.

முத்துமீனா துணியை விலக்கினாள். வாசற்பக்கம் இரண்டடி பின்வாங்கினாள். பிறகு பார்லருக்கு வந்தவர்களிடம் பேசுவது போலவே ஆரம்பித்தாள். "அம்மா, கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்மா." சொன்ன பிறகுதான் யார் சில்லென்று இருக்கிறார்கள் என்று அவளுக்கு உறைத்தது. டையைக் குழைத்து வேரில் பூசத் தொடங்கினாள்.

டை ஏறவில்லை. தலை பனிக்கட்டியாக இருந்தது. "சூடு வேணும்க்கா" என்று சொல்லி ஹேர் டிரையரை மாட்டினாள். அது மாவு மில் மாதிரி இரைந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று வெளியே பெண்கள் குரலை உயர்த்தினார்கள். டிரையரை நிறுத்தினால் பாட்டும் தணிந்தது. போட்டால் ஏறியது.

"ஜெஸி! என்ன சத்தம் அது?" கிளமெண்ட் கதவைத் தட்டினான். தாழ்ப்பாள் பழசு. இரண்டாவது தட்டில் திறந்துகொண்டது.

அவன் பார்த்தான். அம்மாவின் கழுத்தைச் சுற்றித் துண்டு. பாதித் தலை கறுப்புக் கூழ். மறுபாதியில், வேர்ப்பக்கம், வெள்ளை வெளேரென்று முடி.

கிளமெண்டுக்கு முப்பது வயதிலேயே வழுக்கை. அம்மாவின் வாகு தனக்கு வராமல் அப்பா குடும்பம் கெடுத்துவிட்டது என்று, செத்துப்போன அப்பாவையும் அவருடைய அண்ணன் தம்பிகளையும் இருபது வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தவன்.

"அப்ப பரம்பரை வாகு?"

ஜெஸி தலையை ஆட்டினாள். "இல்லண்ணே."

"எத்தன வருஷமா?"

"நீ காலேஜ் படிக்கும்போதே."

அவன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கத்தப் போகிறான் என்றுதான் ஜெஸி நினைத்தாள். முத்துமீனாவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. "அண்ணே, சும்மா நிக்கிறதுக்கு இந்தப் பக்கம் வாங்க. முன்னாடி முடிஞ்சிரும். பின்னாடி தலகாணியில மறைஞ்சிரும், அத விட்ருவமா?"

கிளமெண்ட் சட்டைக் கையை மடித்தான். குனிந்து, இரண்டு கைகளாலும் அம்மாவின் தலையைத் தூக்கிப் பிடித்தான்.

"பின்னாடியும் போடும்மா" என்றான்.

டிரையர் இரைந்தது. வெளியே பாட்டு உச்சத்துக்குப் போனது. அவன் தோள்கள் குலுங்கியதை ஜெஸி பார்த்தாள், பார்க்காத மாதிரி வாளியில் தண்ணீர் ஊற்றினாள்.

அலசித் துடைத்துக் கொண்டை போட்டு முடித்ததும் ஜெஸி பணத்தை எடுத்தாள். "பயம் எம்புட்டு?"

"மொதல்ல நெறைய இருந்துச்சுக்கா. அண்ணன் வந்தப்பறம் இல்ல. பாதி குடுங்க."

முன்னறையில், தலையில் துணி கட்டாமல் கிடத்தியபோது, அம்மா அடுத்த வகுப்புக்குப் போகக் கிளம்பியவள் மாதிரி இருந்தாள். கூட வேலை பார்த்த ஜகதாம்பாள் டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தாள். பிறகு ஜெஸியின் காதருகே வந்தாள்.

"வீட்ல பூசுனா இப்டி ஒண்ணுபோல வராதுடி. எந்தப் பார்லர்?"

"பரம்பரை வாகு டீச்சர்" என்றாள் ஜெஸி.

ஜகதாம்பாள் டீச்சர் அவள் கன்னத்தில் லேசாகத் தட்டிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனாள்.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபத்தை முடித்தார். பெட்டி மூடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் தயாராக நின்றார்கள். கடைசியாகப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்றார்கள். கிளமெண்ட் முன்னால் போனான். முத்தமிடக் குனிந்தவன் அப்படியே நின்றான். பிடரிக்குப் பக்கத்தில், வெள்ளைத் தலையணை லேஸில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கறுப்பு ஊறியிருந்தது.

அம்மாவின் காலடியில் கிடந்த சம்பங்கிச் சரத்தை எடுத்து, அவன் அந்த இடத்தில் வைத்தான். ஒரு பூ விலகியது. அதையும் சரியாக நகர்த்தி வைத்துவிட்டு, மூடிக்காரர்களுக்கு வழி விட்டான்.