பல்லி சொன்ன கொக்கி

எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு கொக்கிகூட உடைந்ததில்லை. உடைய விட்டால்தானே! லிஃப்டைத் தாங்கும் எஃகுக் கொக்கியை இயந்திரத்தில் மாட்டி இழுப்போம். உடைவதற்குச் சற்றுமுன் அது "டிக் டிக்" என்று சத்தம் போடும். "பல்லி சொல்லிடுச்சு!" என்று யாராவது கத்துவார்கள். சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்திவிடுவோம். பாதியில் நின்ற சோதனை கணக்கில் வராது. அந்த விதியைச் சொன்னது கொக்கி செய்யும் கம்பெனி. கூடத்தையும் இயந்திரத்தையும் என் சம்பளத்தையும் தருகிற அதே கம்பெனிதான்.

அப்படிக் கழற்றிய கொக்கிகள் மேசைக்கடியில் ஒரு பெட்டியில் கிடக்கும். இன்று காலை அந்தப் பெட்டி "டிக்" என்றது.

சுமையே இல்லாத இரும்பு எதற்கு வாயைத் திறக்கிறது?

"எலியா இருக்கும்மா," என்று கூடத்தை நடத்தும் பேராசிரியர் சோதனை அறிக்கையை என் பக்கம் தள்ளினார். "கையெழுத்துப் போடு. ஒண்ணுகூட உடையலைன்னுதானே எழுதியிருக்கோம்? அது பொய்யா?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கோம் சார்."

"உப்பிட்டவங்களை உள்ளளவும் நினைக்கணும்மா." சிரித்தார். கண் மட்டும் பெட்டியை விட்டு அகலவில்லை. மனிதருக்கும் கேட்கிறது! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அக்கா குடியேறியிருக்கும் புதுக் கட்டடத்தின் லிஃப்டிலும் இந்தக் கொக்கிதான். வீடு உச்சி மாடியில். அவளுக்கு நிறைமாதம். எங்கள் அறிக்கை வராமல் லிஃப்ட் ஓடாது என்று கம்பெனிக்காரர் சத்தியம் செய்திருந்தார். நான் கையெழுத்துப் போடாதவரை அவள் மூச்சு வாங்கப் படியேறுவாள், ஆனால் பத்திரமாக இருப்பாள்.

பேனாவை மூடினேன். "போட மாட்டேன் சார். என்ன பண்ணணுமோ பண்ணிக்கோங்க."

பெட்டிக்குள் எல்லாக் கொக்கிகளும் சேர்ந்து டிக் டிக்கென்று அடிக்கத் தொடங்கின. பேராசிரியர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அப்போது அக்காவிடமிருந்து போன்.

"லிஃப்ட் ஓட ஆரம்பிச்சிடுச்சுடி! உங்க அறிக்கை எப்படியும் நல்லாத்தான் வரும்னு கம்பெனிக்காரங்க ஓட விட்டுட்டாங்க. மேல போயிட்டிருக்கேன். உள்ள எங்கேயோ பல்லி வேற சொல்லுது. நல்ல சகுனம்தானே?"

"அக்கா, இறங்கு! எந்த மாடியா இருந்தாலும் இறங்கிடு!"

என் கை பழக்கத்தில் சிவப்புப் பொத்தானை ஓங்கி அமுக்கியது. இங்கே எந்த இயந்திரமும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

மேசைக்கடியில் பெட்டி கப்சிப்பென்று அடங்கியது.