கிட்டடிப் பள்ளிக்கூடம்

குருநகர்க் கரையில் நண்டுக் கம்பனியின் நீண்ட மேசையருகே நின்று ஜெனிற்றா அவித்த நண்டுகளை உடைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டைக் கழற்றி, செவுளைச் சுரண்டி எறிந்து, உடலை இரண்டாக முறித்து, கத்தி நுனியால் வெள்ளைச் சதையைச் சிதையாமல் எடுத்துத் தட்டில் வைக்கவேண்டும். சிதைந்தால் அது வேறு தட்டுக்குப் போகும், கூலியும் குறையும். கையுறைக்குள் விரல் நுனிகள் ஊறி வெளிறியிருந்தன. கோது குத்திய இடங்களில் உப்புத் தண்ணீர் எரிந்தது. அன்று அவளுடைய தட்டில் சிதைந்த சதைதான் அதிகம் கிடந்தது. மேற்பார்வை பார்ப்பவள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மனம் மேசையில் இருந்தால்தானே. தை பிறந்தால் மகள் றொசானியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கவேண்டும். எந்தப் பள்ளிக்கூடம் என்று வாய்விட்டுக் கேட்டதுதான் பிழை. மேசையைச் சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஆள் பிடிக்காமல் அலுவல் நடக்காது என்றாள் ஒருத்தி. கிராமசேவகரின் கடிதம் இருந்தால் போதும் என்றாள் மற்றவள். எங்கே படித்தாலும் படிக்கிற பிள்ளை படிக்கும் என்று மூன்றாமவள் சொன்னாள். அவளுடைய பிள்ளைகள் இருவரும் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிறு பூசை முடிந்தபின் பங்கு மண்டபத்தில் பெற்றோருக்கு உதவி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஜெனிற்றா அங்கே போனாள். ஒரு சிறு தொண்டு நிறுவனம் அந்த வேலைக்கென்று சுபாஜினி என்ற பெண்ணை அமர்த்தியிருந்தது. நகருக்கு வெளியே, கோப்பாய்ப் பக்கத்துப் பிள்ளை. ஜெனிற்றாவின் வயதுதான் இருக்கும். பிளாஸ்ரிக் கதிரையில் உட்கார்ந்து, வருகிற தாய்மாரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வீடு எங்கே, எத்தனை வருசமாக, யாருடைய பேரில் என்று பொறுமையாகக் கேட்டாள். அதட்டவில்லை. மீன் மணக்கிறது என்று மூக்கைச் சுளிக்கவும் இல்லை. ஜெனிற்றாவுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

ஏன் பெரிய பள்ளிக்கூடம் என்று சுபாஜினி கேட்டாள்.

"அங்கை படிச்ச பிள்ளையள் ஆரும் எங்கடை மேசையிலை நிண்டு நண்டு உடைக்கேல்லை, மிஸ்," என்றாள் ஜெனிற்றா.

சுபாஜினி கைபேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். இது உங்கள் வீடு, இது பெரிய பள்ளிக்கூடம் என்று விரலால் தொட்டாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடை தூரந்தான் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்து மணி வீட்டுக்குக் கேட்கும் என்று ஜெனிற்றா உற்சாகமாகச் சொன்னாள். ஆனால் சுபாஜினி வேறு இரண்டு இடங்களைத் தொட்டாள். ஒன்று கடற்கரைக் கலவன் பாடசாலை, ஜெனிற்றாவும் அவளுடைய கணவன் எமில்ராஜும் படித்தது. மற்றது சந்தைக்குப் பின்னால் இருந்த சிறிய பள்ளிக்கூடம். புள்ளி போட்டுத்தான் பிள்ளைகளை எடுப்பார்கள், வீட்டுக்குப் பெரிய பள்ளிக்கூடத்தைவிடக் கிட்ட இருக்கிற ஒவ்வொரு பள்ளிக்கும் அதில் புள்ளி வெட்டுவார்கள் என்றாள்.

"கிட்டடியிலை பள்ளிக்கூடம் இருந்தால் நல்லதுதானே, மிஸ்?"

"நல்லதுதான் அக்கா. ஆனால் பெரிய பள்ளிக்கூடம் கேக்கிற ஆளுக்கு அது நட்டம்."

ஜெனிற்றாவுக்கு விளங்கவில்லை. கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், ஆசிரியர்களும் மாற்றலாகிப் போகிறார்கள். ஒருவரும் விரும்பாத அந்தப் பள்ளிக்கூடம் அங்கே நிற்பதாலேயே தன் பிள்ளைக்கு மற்றது கிடைக்காமல் போகலாமா? இரண்டாம் முறையும் கேட்டாள். சுபாஜினி இரண்டாம் முறையும் விளக்கினாள். அப்போதும் விளங்கவில்லை. விளங்கியதுபோலத் தலையாட்டினாள்.

அதோடு முடியவில்லை, குடியிருப்புக்குக் காட்டும் கடதாசிகளுக்கும் புள்ளி உண்டு. வீட்டுக் காணிக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. மின்சாரப் பட்டியல் செத்துப்போன மாமனார் சிமியோனின் பேரில் வந்துகொண்டிருந்தது. எமில்ராஜ் முல்லைத்தீவுக் கரையில் மீன்வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்த காலத்தில் குடும்பத்தோடு அங்கே இருந்ததால், வாக்காளர் இடாப்பில் இடையே அவர்களுடைய பேர் விட்டுப்போயிருந்தது. சுபாஜினி ஒவ்வொன்றையும் கேட்டு நெற்றியைத் தடவினாள். என்றாலும் கைவிடவில்லை. தன் வேலைநேரம் போக, ஜெனிற்றாவோடு கிராமசேவகரிடமும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்தாள். வெயிலில் வரிசையில் நின்றாள். ஒருநாள் ஜெனிற்றாவின் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, றொசானிக்கு "அ" எழுதக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். மறக்காமல் விண்ணப்பத்தில் கடற்கரைப் பள்ளிக்கூடத்தையும் கடைசியாகச் சேர்த்துப் போடச் சொன்னவளும் அவள்தான். ஒன்றும் கிடைக்காமல் போகக்கூடாதே என்றாள்.

ஜெனிற்றா குடியிருந்த ஒழுங்கையின் முகப்பில், பெரிய தெருவை ஒட்டி, கமலாவதி என்ற விதவையின் மாடிவீடு இருந்தது. மேல்மாடி எப்போதும் பூட்டிக் கிடக்கும். பெரிய பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்கான நேர்முகம் முடிந்த கிழமை அந்த மேல்வீட்டு யன்னல்களில் புதிய திரைச்சீலைகள் தொங்கின. ஞாயிற்றுக்கிழமை சுபாஜினியும் றொசானியின் வயதே ஆன அவளுடைய மகள் தாரிகாவும் படியேறிப் போவதை ஜெனிற்றா கண்டாள். சந்தோசமாகக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"இது என்ரை மனுசன்ரை மாமியின்ரை வீடு, அக்கா. நாங்கள் கலியாணம் முடிச்ச நேரமே எங்கடை பேரை இஞ்சைதான் பதிஞ்சது," என்று சொல்லிவிட்டு சுபாஜினி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

எங்கள் மிஸ் எங்களுக்கு அயல் என்று அன்றிரவு எமில்ராஜிடம் ஜெனிற்றா பெருமையாகச் சொன்னாள். ஆனால் அடுத்த நாள் அந்த மேல்வீட்டில் வெளிச்சம் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கொடியில் ஒரு துணியும் காயவில்லை. கோப்பாயிலிருந்து இன்னும் சாமான்கள் ஏற்றி முடியவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

காட்டிய வீட்டில் உண்மையில் குடியிருக்கிறார்களா என்று பார்க்கப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்கள் வருவார்கள் என்று சுபாஜினி முன்பே சொல்லியிருந்தாள். எந்த நாள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஜெனிற்றா சில நாள் கம்பனிக்குப் போகாமல் வீட்டைக் கூட்டி, வாசலைத் தெளித்துக் காத்திருந்தாள். வேலை போய்விடும் என்ற பயத்தில் மறுபடி போகத் தொடங்கினாள். அவர்கள் வந்தது மத்தியானச் சோற்றுக்கு அவள் ஓடிவந்த நேரத்தில். ரப்பர் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. ஒழுங்கை முகப்பில் ஒரு முச்சக்கரவண்டி நின்றது. பெரிய பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் இருவர். மூத்தவரை மார்க்கண்டு மாஸ்ரர் என்று மற்றவர் கூப்பிட்டார். கமலாவதி வீட்டுப் படலையில் அவர்கள் தட்டிக்கொண்டிருந்தார்கள். கீழ்வீட்டில் ஆளில்லை.

மார்க்கண்டு மாஸ்ரர் அவளை மறித்து, மேல்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். சுபாஜினி மிஸ் என்று அவள் சொன்னாள்.

"பிள்ளையும் இஞ்சையோ இருக்கு?"

அவள் யன்னலை அண்ணாந்து பார்த்தாள். வெயிலில் வரிசையில் நின்ற சுபாஜினி ஞாபகத்துக்கு வந்தாள். றொசானியின் கையைப் பிடித்து எழுதக் காட்டியது ஞாபகம் வந்தது. எனக்காக அலைந்தவளைப் பற்றி ஊர்பேர் தெரியாத ஆம்பிளையிடம் என்னத்தைச் சொல்வது? அவர் ஏன் கேட்கிறார் என்றும் அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

"ஓம்," என்றாள். "இஞ்சைதான் இருக்கினம்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு அவளுடைய வீட்டுக்கே வழி கேட்டார். அவள் முன்னால் நடந்து கூட்டிப்போனாள். தகரம் வேய்ந்த குசினியை எட்டிப் பார்த்தார்கள். மின்சாரப் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சிமியோன் யார் என்று கேட்டார்கள். புருசன் எங்கே என்றதற்குக் கடலுக்கு என்றாள். எப்போது வருவார் என்றதற்குக் காற்றைப் பொறுத்தது என்றாள். நீங்கள் உண்மையிலேயே இங்கேதான் இருக்கிறீர்களா என்று இளையவர் கேட்டார். அடுப்பில் சோறு ஆறிக் கிடந்தது. கட்டிலில் றொசானி படுத்திருந்தாள். ஜெனிற்றா அடுப்பையும் கட்டிலையும் கையால் காட்டினாள்.

தெரிவுப் பட்டியலைப் பெரிய பள்ளிக்கூடத்து மதிலில் ஒட்டியிருந்தார்கள். எமில்ராஜ் சனத்தை விலக்கிக்கொண்டு போய் மேலிருந்து கீழாக விரல் வைத்து வாசித்தான். மறுபடி கீழிருந்து மேலாக வாசித்தான். றொசானியின் பேர் இல்லை. வெளியே வந்து சைக்கிளைத் தள்ளியபடி, அந்த மிஸ்ஸின் பிள்ளைக்குக் கிடைத்திருக்கிறது என்றான். அவனுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவவின் வீடு தெருவில் இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் பெரிய பள்ளிக்கூடந்தான் முதல் வரும் என்று தனக்குத்தானே கணக்குச் சொன்னான். ஜெனிற்றா கூடவே நடந்தாள். தான் சொன்ன "ஓம்" எந்த இடத்தில் போய் விழுந்திருக்கும் என்று யோசித்தாள். அது இல்லாவிட்டாலும் தன் பிள்ளைக்குக் கிடைத்திருக்காதோ? கிடைத்திருக்குமோ? யாரிடம் கேட்பது? இப்படிப்பட்ட கேள்விகளை அவள் கேட்பது ஒரே ஒரு ஆளிடந்தான்.

அந்த ஆள் தானாகவே வந்தாள். மேன்முறையீடு எழுதுவோம் என்று சுபாஜினி கடதாசிகளோடு வந்து, வாசற்படியில் உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது. எழுதிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் பேனையை நிறுத்தினாள். எல்லாத் தாய்மாருக்கும் வாசித்துச் சொல்வதுபோல அந்த விதியையும் வாசித்துச் சொன்னாள். தெரிவான பிள்ளைகளில் யாராவது குடியிராத வீட்டைக் காட்டி இடம் எடுத்திருந்தால், அந்தப் பேரைக் குறிப்பிட்டு ஆட்சேபிக்கலாம்.

அதன்பிறகு அவள் நிமிரவில்லை.

"மிஸ், நீங்கள் எங்கை இருக்கிறியள்?" என்று ஜெனிற்றா கேட்டாள். கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"கோப்பாயிலைதான்," என்றாள் சுபாஜினி. "எனக்குக் கிட்ட இருக்கிற பள்ளிக்கூடத்திலையும் ஒண்டாம் வகுப்புக்கு ரீச்சர் இல்லை, அக்கா. ஊரெல்லாத்துக்கும் வழி சொல்லிற எனக்கு, என்ரை பிள்ளைக்கு இது ஒண்டுதான் வழியாத் தெரிஞ்சுது," என்றாள். பேனையை ஜெனிற்றாவிடம் நீட்டினாள். "எழுதிறதெண்டால் எழுதுங்கோ. நான் மறிக்கமாட்டன்."

ஜெனிற்றா பேனையை வாங்கினாள். மாஸ்ரரிடம் ஓம் என்றவள் இப்போது இல்லை என்று எழுதினால் எது பொய்யாகும்? தன்னைக் கூப்பிட்டு விசாரித்தால் என்ன சொல்வது? தாரிகாவின் பேரை எடுத்துவிட்டால் அந்த இடத்துக்கு றொசானிதான் வருவாள் என்று யார் சொன்னது? றொசானிக்கு மேலே இன்னும் எத்தனை பேரோ. எதிரில் இருந்தவள்மேல் ஆத்திரப்பட முயன்று பார்த்தாள். அது வருவதும் போவதுமாக இருந்தது. உள்ளே றொசானி "அ" எழுதி, அதன் காலை மற்றப் பக்கம் வளைத்துவிட்டு, சரியா என்று கேட்டு ஓடிவந்தாள். இரண்டு பேரும் சரி என்றார்கள்.

"பேர் எழுதிறதை விடுங்கோ, மிஸ். மற்றதை எழுதுங்கோ," என்று ஜெனிற்றா பேனையைத் திருப்பிக் கொடுத்தாள்.

மேன்முறையீட்டுக்கு வந்த பதிலில், வதிவிடத்துக்குக் கிட்டிய பாடசாலையில் பிள்ளைக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது என்றிருந்தது.

புது வகுப்புத் தொடங்கிய காலையில் கடற்கரைப் பள்ளிக்கூடத்து வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். பெரிய பள்ளிக்கூடத்துப் பாண்ட் வாத்தியம் காற்றில் இங்கேயும் கேட்டது. தாய்மார் சிலர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றாம் வகுப்புக்கு ஆசிரியை நியமனமாகி வரவில்லை. இரண்டாம் வகுப்பு ரீச்சரே இரண்டையும் பார்ப்பார் என்று அதிபர் மெதுவாகச் சொன்னார். புதிய பிள்ளைகளுக்குப் போடவென்று மெல்லிய ரிசூக் கடதாசியில் மாலைகள் கோத்து ஒரு கூடை நிறைய வைத்திருந்தார்கள். வந்த பிள்ளைகளோ உட்காருகிற வாங்கு ஒன்றையும் நிரப்பவில்லை.

வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பப் படம் எடுக்கவேண்டும் என்று ரீச்சர் கைபேசியை உயர்த்தினார். பார்த்தார். தாழ்த்தினார். மிஞ்சிய மாலைகளைக் கூடையோடு கொண்டுவந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னும் இரண்டு போட்டுவிட்டார். றொசானியின் வாய் மறைந்து கண்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"அம்மா, எனக்கு மூண்டு மாலை," என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

"பிள்ளையள், கொஞ்சம் விலத்தி விலத்தி இருங்கோ," என்றார் ரீச்சர். "இன்னும் கொஞ்சம். ஆ, அப்பிடித்தான். இப்ப வாங்கு நிறைஞ்சிருக்கு."